ஜப்பானில் ஷாபு ஷாபு தபெஹோதாய்: முதல்முறை போகிறவர்களுக்கு

ஷாபு ஷாபு கடையில் சமைப்பது நீங்கள்தான். அடுப்பு மேஜையிலேயே இருக்கும். சட்டியில் சாறு, தட்டில் மெல்லிசாகச் சீவிய பச்சை இறைச்சி, பக்கத்தில் கீரை, காளான், டோஃபு. ஒவ்வொரு துண்டாகக் கொதிசாற்றில் அலசி எடுத்துத் தொட்டுக்கொண்டு சாப்பிட வேண்டும். இந்தப் பெயரில் இதை 1952ல் பரிமாறத் தொடங்கியது ஒசாகாவின் ஸுவேஹிரோ உணவகம். அன்றைக்கு அது கொஞ்சம் வசதியானவர்களின் சாப்பாடு. இன்று குடும்பங்களும் கல்லூரிப் பிள்ளைகளும் அதை அதிகம் சாப்பிடுவது தபெஹோதாய் கடைகளில்தான். ஒரு ஆளுக்கு ஒரு விலை. குறித்த நேரத்துக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்டு வாங்கிச் சாப்பிடலாம்.

முதல்முறை போகிறவர்கள் பலர், கொடுத்த காசுக்கு இறைச்சியைத் தின்று தீர்த்துவிட வேண்டும் என்று உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிடுவார்கள். அரை மணி நேரத்தில் வயிறு நிறைந்துவிடும், மிச்ச நேரமெல்லாம் வேடிக்கை பார்ப்பார்கள். கடைசியில் வருகிற நல்ல பகுதி அவர்களுக்குக் கிடைக்காமலே போகும். என்னைக் கேட்டால், கண் சட்டியில் உள்ள சாற்றின் மேல் இருக்க வேண்டும். முதலில் சப்பென்று இருக்கிற சாறு, ஒரு மணி நேரத்தில் காயும் காளானும் இறைச்சியும் இறங்கி வேறொன்றாகிவிடும். அதில் சோறோ நூடுல்ஸோ போட்டுச் சாப்பிடுகிற கடைசிக் கிண்ணம்தான் இந்த விருந்தின் உச்சம். கீழே சொல்லியிருப்பதெல்லாம் அங்கே போய்ச் சேருவதற்கான வழி.

படி 1: கடையைத் தேர்ந்தெடுப்பது

ஷாபுயோ, ஒன்யசாய், நாபெஸோ, மோமோ பாரடைஸ் இவை எல்லாம் பலருக்கும் தெரிந்த சங்கிலிக் கடைகள். புதிதாகப் போகிறவர்களுக்கு ஷாபுயோ எளிது. காய்கறி, தொட்டுக்கொள்ளும் பொருட்கள், சோறு எல்லாம் ஒரு பக்கம் அடுக்கி வைத்திருப்பார்கள், நாமே போய் எடுத்துக்கொள்ளலாம். குழந்தைகளோடு போனால் வாஃபிள் சுடுவதிலும் ஐஸ்கிரீம் பிழிவதிலும் அவர்களுக்குப் பொழுது போய்விடும். இறைச்சித் தட்டைப் பூனை முகம் போட்ட ரோபோ தள்ளிக்கொண்டு வந்தால் பயப்பட வேண்டாம், தட்டை எடுத்துக்கொண்டு திரையில் உள்ள பொத்தானைத் தொட்டால் திரும்பிப் போய்விடும். ஒன்யசாய் மாதிரிக் கடைகளில் காய் உட்பட எல்லாம் மேஜைக்கே வரும், கொஞ்சம் நிதானமாகப் பேசிக்கொண்டே சாப்பிடலாம்.

வெள்ளி, சனி இரவுகளில் முன்பதிவு செய்துவிட்டுப் போவது நல்லது.

படி 2: கோர்ஸ்

கோர்ஸ் என்பது எந்தெந்த இறைச்சி வரை கேட்கலாம் என்கிற வரம்பு. பன்றி மட்டும் உள்ள கோர்ஸ் மலிவு, அதற்கு மேல் மாடு சேர்ந்தது, எல்லாவற்றுக்கும் மேல் ஜப்பானிய வாக்யூ மாட்டிறைச்சி. மேஜையில் இருக்கிற எல்லோரும் ஒரே கோர்ஸ்தான் எடுக்க வேண்டும் என்பது பெரும்பாலான கடைகளின் விதி. பள்ளிக்குப் போகாத குழந்தைகளுக்குப் பல இடங்களில் காசில்லை, பள்ளிப் பிள்ளைகளுக்குக் குறைவு. மெனுவில் இரண்டு விலை அச்சிட்டிருந்தால் ஒன்று வரி சேராதது. உட்கார்ந்து சாப்பிடும்போது 10 சதவீத வரி உண்டு, அதிகமாக இருக்கிற எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். மது, குளிர்பானம் எல்லாம் தனி. வேண்டுமானால் அதற்கும் நோமிஹோதாய் என்று அளவில்லாமல் குடிக்கிற கட்டணம் இருக்கும்.

முதல்முறைக்கு வாக்யூ வேண்டாம் என்பது என் கருத்து. அதில் கொழுப்பு அதிகம், இரண்டு தட்டுக்கு மேல் திகட்டிவிடும். அளவில்லாத சாப்பாட்டுக்கு மெலிந்த மாட்டிறைச்சியும் பன்றியின் தோள்பகுதியும்தான் தோது.

நம்மவர்கள் பலர் மாடு சாப்பிட மாட்டார்கள், சிலர் பன்றி. மெனுவில் கியூ என்றால் மாடு, புதா என்றால் பன்றி, தோரி என்றால் கோழி. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் ஊழியரிடம் சொல்வது சுலபம். மாடு வேண்டாம் என்றால் பன்றி மட்டும் உள்ள கோர்ஸே போதும், காசும் மிச்சம். ஹலால் பார்க்கிறவர்கள் சாதாரணச் சங்கிலிக் கடைகளைத் தவிர்த்துவிட்டு, ஹலால் என்று அறிவித்த கடையைத் தேடிப் போவதே சரி. இறைச்சியைத் தாண்டி சாற்றிலும் சாஸிலும் மிரின், சாக்கே என்ற மது வகைகள் இருக்கலாம். முழுச் சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இது கஷ்டமான இடம். பார்க்கக் காய்கறிச் சாறாகத் தெரிவதில்கூட கட்சுவோபுஷி என்ற காய்ந்த மீன் சேர்ந்திருக்கலாம், சட்டியும் பொது. ஆளுக்கொரு சின்னச் சட்டி வைக்கிற கடை கிடைத்து, கடற்பாசி மட்டும் போட்ட சாறுதான் என்று கேட்டு உறுதி செய்துகொண்டால் போகலாம்.

படி 3: உட்கார்ந்ததும்

மணியைப் பாருங்கள். நேரம் பொதுவாக 90 நிமிடத்திலிருந்து 120 நிமிடம் வரை. ஆனால் கடைசி ஆர்டர் அதற்கு 20 அல்லது 30 நிமிடம் முன்னாலேயே முடிந்துவிடும். கேட்டு வாங்குவதற்கு நமக்கு உள்ள நேரம் அதுவரைதான். ஆர்டர் செய்ய மேஜையில் டேப்லெட் இருக்கும், மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் அழைப்பு மணி, அதுவும் இல்லாவிட்டால் கையை உயர்த்தி "சுமிமாசென்" என்று சொன்னால் வருவார்கள்.

படி 4: சாறு

சட்டி இரண்டாகத் தடுத்து வரும், இரண்டு வகைச் சாறு கேட்கலாம். கொம்பு என்ற கடற்பாசி ஊறிய தெளிந்த சாறு, இனிப்பும் சோயாவும் கலந்த சுகியாகி, சோயா பால், கிம்ச்சி என்ற காரமான கொரிய ஊறுகாய் சேர்ந்தது இப்படி நிறைய உண்டு. எதைக் கேட்டாலும் ஒரு பக்கம் கொம்புச் சாறு இருக்கட்டும். முதலில் ஒரு கரண்டி எடுத்துக் குடித்துப் பார்த்தால் என்னடா இது வெந்நீர் என்று தோன்றும். இதே கடற்பாசிச் சாற்றில்தான் 1908ல் டோக்கியோவின் வேதியியலாளர் இகேதா கிகுனாயே சுவை தரும் குளுட்டமேட் என்ற பொருளைப் பிரித்தெடுத்து, அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். குளுட்டமேட் தனியாக இருந்தால் மெல்லியதுதான். இறைச்சியிலிருந்து இறங்குகிற இனோசினேட்டும், காய்ந்த ஷீடாகே காளானில் இருக்கிற குவானிலேட்டும் அதோடு சேர்ந்தால் சுவை பல மடங்கு ஏறும். சட்டியில் அடுத்த ஒரு மணி நேரம் நடக்கப்போவது இதுதான்.

சுகியாகியை எடுத்தால் தொட்டுக்கொள்ளப் பச்சை முட்டை கொடுப்பார்கள். ஜப்பானில் முட்டை மேல் போட்டிருக்கும் தேதியே பச்சையாகச் சாப்பிடலாம் என்பதற்கான கெடுதான், ஆகவே தைரியமாக அடித்துத் தொட்டுக்கொள்ளலாம். பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

படி 5: காய் முதலில், ஆனால் எல்லாமும் இல்லை

சாறு சூடேறும் நேரத்தில் வேகத் தாமதமாகிறவற்றைப் போடுங்கள்: ஹக்குசாய் என்ற நீள முட்டைக்கோஸின் தடித்த வெள்ளைத் தண்டு, கேரட், ஷீடாகே, டோஃபு, ஜப்பானிய நீள வெங்காயம். ஹக்குசாயின் இலைப்பகுதி, மிசுனா, ஷுங்கிகு போன்ற கீரைகளெல்லாம் பிறகு. அவற்றைச் சாற்றில் ஒரு முக்கு முக்கி எடுத்தாலே போதும். சட்டியை நிரப்பிவிடாதீர்கள். பாதிக்கு மேல் காய் கிடந்தால் இறைச்சியை அலச இடம் இருக்காது, சூடும் இறங்கிவிடும்.

படி 6: இறைச்சி

கவனமாகச் செய்ய வேண்டிய இடம் இது. சாறு தளதளவென்று கொதித்தால் அடுப்பைக் குறையுங்கள். அடியிலிருந்து சின்னக் குமிழிகள் வந்துகொண்டிருந்தால் போதும். மெல்லிய துண்டைக் கடும் கொதியில் போட்டால் சட்டென்று சுருங்கி விறைத்துவிடும்.

பச்சை இறைச்சியை எடுக்க இடுக்கியோ தனிக் குச்சியோ வைத்திருப்பார்கள். அதைச் சாப்பிடப் பயன்படுத்தக் கூடாது, சாப்பிடுகிற குச்சியைப் பச்சை இறைச்சியில் வைக்கவும் கூடாது. ஒரே ஒரு துண்டை ஓரமாகப் பிடித்து விரித்துத் தூக்குங்கள். பிடியை விடாமல் சாற்றில் இறக்கி, இடமும் வலமுமாக மெல்ல அசையுங்கள். மாட்டிறைச்சி என்றால் சிவப்பு மங்கி, ஓரங்கள் வெளுத்து, நடுவில் இளஞ்சிவப்பு கொஞ்சம் மிச்சமிருக்கும்போது எடுத்துவிடலாம். பத்து விநாடி, அதற்குக் கொஞ்சம் மேலே. பிடியை விட்டால் அது காய்க்கு அடியில் போய் மறைந்து, கிடைக்கும்போது ரப்பராகியிருக்கும்.

பன்றியும் கோழியும் அப்படியில்லை. துளிகூட இளஞ்சிவப்பு இல்லாமல் முழுக்க வேக வேண்டும். பன்றியைப் பச்சையாகப் பரிமாறுவதை ஜப்பானிய அரசு 2015 ஜூனில் சட்டம் போட்டே தடுத்துவிட்டது. அதில் அவசரம் காட்டாதீர்கள். அசைத்து வெளுத்த பிறகும் சில விநாடி சாற்றிலேயே வைத்து, பிரித்துப் பார்த்துவிட்டு எடுங்கள்.

தட்டையும் அளவாகக் கேளுங்கள். ஒரு தட்டு முடிந்து அடுத்தது என்றால் இறைச்சி குளிர்ச்சியாக வரும், அடுத்த வகையைச் சுவைத்துப் பார்க்கவும் இடம் இருக்கும். அதிகமாக மிச்சம் வைத்தால் தனிக் கட்டணம் போடுகிற கடைகளும் உண்டு, பார்சல் கட்டித் தர மாட்டார்கள்.

படி 7: நுரை எடுப்பது

இறைச்சி இரண்டு தட்டு போனதும் சாற்றின் மேல் சாம்பல் நிற நுரை கட்டும். வீட்டில் பருப்பு வேகும்போது மேலே வருவதை எடுத்துக் கொட்டுவோமே, அதே வேலைதான். வலைக் கரண்டியால் ஓரமாக ஒதுக்கி எடுத்து, பக்கத்தில் வைத்திருக்கிற தண்ணீர்ப் பாத்திரத்தில் உதறுங்கள். மேலே மிதக்கும் கொழுப்புத் துளிகளை முழுக்க எடுத்துவிட வேண்டாம், அதில் மணம் இருக்கிறது. சாறு குறைந்தால் தயங்காமல் கேளுங்கள், ஜாடியில் கொண்டுவந்து ஊற்றுவார்கள். இந்த வேலையை மேஜையில் ஒருவர் பொறுப்பாக எடுத்துக்கொண்டால் கடைசிக் கிண்ணத்தில் அதன் பலன் தெரியும்.

படி 8: தொட்டுக்கொள்வது

பொன்ஸு என்பது புளிப்புப் பழச்சாறும் சோயா சாஸும் சேர்ந்தது. கோமதாரே என்பது எள்ளை அரைத்துச் செய்த கெட்டிச் சாஸ். மாட்டுக்கும் காய்க்கும் பொன்ஸு, பன்றிக்கு எள் என்பது என் பழக்கம். பொன்ஸுவில் துருவிய முள்ளங்கியும் பொடியாக நறுக்கிய வெங்காயத்தாளும் போட்டுக்கொள்ளுங்கள், எள் சாஸில் பூண்டும் மிளகாய் எண்ணெயும். காரம் இல்லாமல் நமக்கு இறங்காது என்பவர்கள் ஷிச்சிமி என்ற ஏழு பொருள் பொடியைத் தேடுங்கள். யுசு கோஷோ இருந்தால் இன்னும் நல்லது. பச்சை மிளகாயும், எலுமிச்சை வகையான யுசு பழத்தின் தோலும், உப்பும் சேர்த்து அரைத்தது அது, கடுகளவு போதும், நாக்கு சுறுக்கென்று விழித்துக்கொள்ளும். சாஸ் நீர்த்துப்போனால் புதுக் கிண்ணம் எடுங்கள்.

குச்சி விஷயத்தில் ஒன்று மட்டும் மறக்கக் கூடாது. ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு நேரடியாக உணவைக் கைமாற்றாதீர்கள். அங்கே தகனத்துக்குப் பிறகு எலும்பைப் பொறுக்குவது அந்த முறையில்தான்.

படி 9: கடைசிக் கிண்ணம்

இதற்கு ஜப்பானியர்கள் வைத்திருக்கும் பெயர் ஷிமே. கடைசி ஆர்டருக்கு முன்பே சோறு, முட்டை, உடோன் அல்லது ராமென் நூடுல்ஸ் சொல்லி வாங்கி வைத்துவிடுங்கள், வயிற்றில் கொஞ்சம் இடமும் வைத்திருங்கள். சுகியாகிச் சாற்றுக்கு உடோன், கிம்ச்சிக்கு ராமென். கொம்புச் சாற்றுக்கு சோறுதான், அதை ஸோசுயி என்பார்கள்.

செய்முறை இது. சட்டியில் மிச்சமிருக்கும் காயையும் துண்டுகளையும் அள்ளிச் சாப்பிட்டுவிடுங்கள். நுரையைக் கடைசியாக ஒருமுறை எடுங்கள். சாறு சோறு மூழ்கும் அளவுக்கு மேல் கொஞ்சம் இருந்தால் போதும். கொதி வந்ததும் சோற்றைப் போட்டுக் கட்டியில்லாமல் பிரித்துவிடுங்கள். நன்றாகக் கலக்கிக் குழைத்துவிட வேண்டாம். இரண்டு மூன்று நிமிடத்தில் சோறு சாற்றை இழுத்துக்கொண்டு மினுமினுக்கும். இப்போது உப்பு பாருங்கள், தேவையானால் சில துளி பொன்ஸு. அடித்து வைத்த முட்டையை நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி ஊற்றி, உடனே அடுப்பை அணைத்து மூடி போடுங்கள். மூடி இல்லாவிட்டால் கைவைக்காமல் ஒரு நிமிடம் விடுங்கள். முட்டை பாதி இறுகிப் பாதி தளர்ந்திருக்கும்போது வெங்காயத்தாள் தூவிக் கிண்ணத்தில் வாங்குங்கள். முதலில் வெந்நீர் மாதிரி இருந்த அந்தச் சாறா இது என்று கேட்பீர்கள்.

படி 10: காசு

பில் மேஜையிலேயே இருக்கும், எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் உள்ள கவுன்டரில் கட்ட வேண்டும். டிப்ஸ் கிடையாது. கிளம்பும்போது "கோச்சிசோ சமா தெஷ்தா" என்று ஊழியர்களிடம் சொல்லிவிட்டு வாருங்கள், நன்றாகச் சாப்பிட்டோம் என்று சொல்லும் மரியாதை அது. அடுத்தமுறை முடிந்தால் வார நாள் மதியம் போங்கள். பல கடைகளில் மதியத்துக்குத் தனி விலை உண்டு, இரவை விட நன்றாகவே குறையும்.