‘ஒருதடவை காசு, ஆயுசுக்கும் அப்டேட்’: மென்பொருள் விலையில் நாம் செய்யும் தவறுகள்

2014-ல் ஒரு ஹார்டுவேர் கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தேன். விலை 6,000 ரூபாய். கடைக்காரர் ஐயாயிரத்துக்குக் கேட்டார். ஆயிரம் ரூபாயை விட மனசு வராமல், ரசீதின் அடியில் பேனாவால் ‘லைஃப்டைம் அப்டேட் இலவசம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். உடனே பணத்தை எண்ணி வைத்தார். நல்ல உத்தியாக இருக்கிறதே என்று அடுத்து வந்தவர்களுக்கும் அதையே சொன்னேன். மூன்று வருடத்தில் நாற்பது கடை சேர்ந்தது.

2017 ஜூலை 1-ம் தேதி ஜிஎஸ்டி வந்தது. வாட் வரிக்காக எழுதிய பில் எதுவும் இனி உதவாது. சிமெண்டுக்கு 28 சதவீதம், கம்பிக்கு 18 என்று புது விகிதம். அதை மத்திய அரசுக்கு சிஜிஎஸ்டி, மாநில அரசுக்கு எஸ்ஜிஎஸ்டி என்று பாதி பாதியாகப் பிரிக்க வேண்டும், வெளிமாநிலத்துக்குப் போனால் ஐஜிஎஸ்டி. பொருளின் வகையைக் குறிக்கும் எச்எஸ்என் எண்ணுக்குத் தனிக் கட்டம். கிட்டத்தட்ட முழு சாஃப்ட்வேரையும் திருப்பி எழுதும் வேலை. கட்டணம் கேட்கலாம் என்று முதல் கடைக்குப் போனால், அவர் மேசை இழுப்பறையிலிருந்து அந்த ரசீதை எடுத்தார். லேமினேட் செய்து வைத்திருந்தார். “தம்பி, இது உங்க கையெழுத்துதானே?”

நாற்பது கடை, ஆளுக்கு ஆறாயிரம், மொத்தம் 2,40,000. முப்பத்தாறு மாதத்துக்கு வகுத்தால் மாதம் 6,700 கூட வரவில்லை. இதில் கடைக்காரர் மேல் ஒரு தப்பும் இல்லை. சொன்னதைத்தான் கேட்டார்.

முதல் தவறு அதுதான்: ‘லைஃப்டைம்’ என்று சொல்லி விற்பது. யாருடைய ஆயுள்? கடைக்காரருடையதா, என்னுடையதா, அந்த விண்டோஸ் பதிப்புடையதா? மென்பொருள் மர பெஞ்சு மாதிரி, செய்து போட்டால் கிடக்கும் என்று வாங்குகிறவர் நினைக்கிறார். நாமும் அப்படி நினைக்க விடுகிறோம். டேலி கணக்கு மென்பொருள் இதைப் பல வருடமாக ஒழுங்காகப் பிரித்து வைத்திருக்கிறது. லைசென்ஸை ஒருமுறை வாங்கினால் அது உங்களுடையது. புது வெளியீடுகள் வேண்டுமென்றால் டிஎஸ்எஸ் என்ற ஆண்டுச் சந்தாவைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காவிட்டால் கையில் இருக்கும் பதிப்பு ஓடிக்கொண்டிருக்கும், புதுசு வராது. இதை இரண்டு வரியில் யாருக்கும் புரிய வைக்கலாம். நானும் அன்றைக்கு, பிழை திருத்தம் இலவசம், அரசு விதி மாறினால் வரும் வேலைக்குத் தனிக் காசு என்று எழுதியிருந்தால் போதும்.

இரண்டாவது தவறு இன்னும் பெரியது, பெரிய நிறுவனங்களே செய்வது: விற்று முடித்ததற்குப் பின்னால் போய் விதியை மாற்றுவது. ஐபேடில் குறிப்பெடுக்கும் நோட்டபிலிட்டி செயலி 2021 நவம்பரில் சந்தாவுக்கு மாறியது. ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியவர்களுக்கும் ஒரு வருடம்தான் முழு வசதி, அப்புறம் சந்தா என்றார்கள். காசு கொடுத்து வாங்கிய வசதியை அப்படிப் பறிக்கக்கூடாது என்று ஆப்பிளின் ஆப் ஸ்டோர் விதியிலேயே இருக்கிறது. பயனர்கள் கொதித்ததும் சில நாளிலேயே பின்வாங்கினார்கள்.

யூனிட்டி கதை அதைவிடக் கஷ்டமானது. கேம் உருவாக்கும் எஞ்சின் அது. 2023 செப்டம்பர் 12 அன்று, குறிப்பிட்ட வருமானத்தையும் நிறுவல் எண்ணிக்கையையும் தாண்டிய கேம் ஒவ்வொரு முறை நிறுவப்படும்போதும் அதிகபட்சம் 20 சென்ட் வரை கட்டணம் என்று அறிவித்தார்கள். ஏற்கெனவே வெளியாகி விற்றுக்கொண்டிருந்த கேம்களுக்கும் சேர்த்து! கேமை நீக்கிவிட்டு மறுபடி போட்டால் அதுவும் கணக்கா, திருட்டுப் பிரதிக்கு யார் கட்டுவது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். பத்து நாளில் விதியைத் தளர்த்தினார்கள், அடுத்த மாதம் தலைமை நிர்வாகி ஜான் ரிச்சிட்டியெல்லோ விலகினார், 2024 செப்டம்பரில் கட்டணத்தையே ரத்து செய்தார்கள். ரத்து செய்த அதே கையோடு ப்ரோ சந்தாவை 8 சதவீதமும் என்டர்பிரைஸ் சந்தாவை 25 சதவீதமும் ஏற்றினார்கள். அதற்கு அந்த அளவு கூச்சல் எழவில்லை. என் கணிப்பு இது: விலை ஏறுவதை மனிதர்கள் முணுமுணுத்துக்கொண்டே கட்டிவிடுவார்கள். ஆட்டம் பாதியில் இருக்கும்போது எல்லைக்கோட்டை அழித்து வேறிடத்தில் போட்டால்தான் சண்டைக்கு வருவார்கள்.

சறுக்கினாலும் சரியாக எழுந்தவர்கள் உண்டு. நிரலாளர்களுக்கான கருவிகள் செய்யும் ஜெட்பிரெயின்ஸ் 2015 செப்டம்பரில் எல்லாமே இனி சந்தாதான் என்றது. கட்டுவதை நிறுத்தினால் கருவியும் நின்றுவிடும். எதிர்ப்பு வந்த இரண்டே வாரத்தில் திட்டத்தைத் திருத்தினார்கள்: பன்னிரண்டு மாதம் தொடர்ந்து கட்டினால், அந்தக் காலத்தின் தொடக்கத்தில் இருந்த பதிப்பு நிரந்தரமாக உங்களுக்கு. என் ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு) ஒப்பந்தத்தின் ஒரு பத்தியை இதைப் பார்த்துத்தான் எழுதினேன்.

சந்தாவிலிருந்து வெளியேறும் வழியை மறைப்பது இன்னொரு தவறு. சேர ஒரு பட்டன், விலக ஏழு திரை. இதை நம் நாட்டில் ‘சந்தாப் பொறி’ என்றே வகைப்படுத்தி, 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்த தந்திரங்களில் சேர்த்துவிட்டது. கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்க 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி 2021 அக்டோபரிலிருந்து கட்டாயமாக இருக்கிறது. அந்த எஸ்எம்எஸ்ஸைப் படிக்காமல் தள்ளிவிடுகிறவர்களில் நானும் ஒருவன், அது வேறு விஷயம்.

சரி, வாங்குகிறவர்கள் பக்கம் வருவோம். இங்கேயும் தவறுகள் இருக்கின்றன.

“சின்ன மாற்றம்தானே, ஒரு அஞ்சு நிமிஷம்.” ஒரு மருந்துக்கடையில் பில்லில் கடைப் பெயரைக் கொஞ்சம் பெரிசாக்கக் கேட்டார்கள். பெரிசாக்கினேன். மூன்று அங்குலத் தெர்மல் ரோலில் முகவரி இரண்டாவது வரிக்குத் தாவியது. அது தாவியதில் தொகைக் கட்டம் விலகியது. அதைச் சரிசெய்தால் நீளமான மாத்திரைப் பெயர்கள் பாதியில் வெட்டுப்பட்டன. மாலை நான்கு மணிக்கு உட்கார்ந்தவன் ஒன்பதரைக்கு எழுந்தேன். டீ வாங்கிக் கொடுத்தார்கள், குறை சொல்லக்கூடாது. ஆனால் வாங்கிய விலையில் மென்பொருள்தான் அடங்கும், எழுதியவனின் சாயங்காலங்கள் அடங்காது. எத்தனை அழைப்பு, எந்த நேரத்தில், எது தனிக் கட்டணம் என்பதை வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

அதைவிட முக்கியமான கேள்வியை யாருமே கேட்பதில்லை: “நான் விலகினால் என் கணக்கு விவரம் எப்படிக் கைக்கு வரும்?” விலையைப் பத்து தடவை பேரம் பேசுவார்கள், இதைக் கேட்க மாட்டார்கள். டெமோ காட்டும்போதே வாடிக்கையாளர் பட்டியல், சரக்கு இருப்பு, பாக்கி மூன்றையும் எக்செல்லில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி.

கிராக் செய்த திருட்டுப் பிரதியைப் போட்டுக்கொண்டு, எரர் வந்தால் எழுதியவனுக்கே போன் செய்கிறவர்களும் உண்டு. அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மறுபடி மாறின. சிமெண்ட் 28-லிருந்து 18-க்கு இறங்கியது. ஏஎம்சி கட்டும் கடைகளுக்கு முந்தைய நாள் ஞாயிற்றுக்கிழமை ராத்திரிக்குள் அப்டேட் போட்டுவிட்டேன். திங்கட்கிழமை காலையில் ஹார்டுவேர் கடைக்காரர் போன் செய்தார். அவருக்கு ஏஎம்சி கிடையாது. இலவசமாகத்தான் போட்டுக் கொடுத்தேன். ரசீது இன்னும் அந்த இழுப்பறையில்தான் இருக்கிறது.