பில்டர் ஏமாத்திட்டாரா? வேலூர்ல இருந்துக்கிட்டே என்னென்ன பண்ணலாம்

முதல்ல வீட்ல உக்காந்து ஒண்ணு முடிவு பண்ணுங்க, உங்களுக்கு இன்னமும் அந்த வீடு வேணுமா, இல்ல கட்டுன பணம் வட்டியோட திரும்பி வந்தா போதுமா. இது தெளிவா இல்லாம வக்கீல் ஆபீஸ் படியேறுனா ஒரு நோட்டீஸ்ல சாவி குடுன்னும் இன்னொரு மனுல பணத்தைக் குடுன்னும் எழுதி வெச்சிருப்பீங்க, எதிர் வக்கீல் அதையே எடுத்து நீட்டுவாரு.

அப்புறம் பேப்பர். நம்ம பக்கம் அபார்ட்மெண்ட்னா பெரும்பாலும் ரெண்டு இருக்கும், யூடிஎஸ் (நிலத்துல உங்களுக்கு வர்ற பிரிக்கப்படாத பங்கு) கிரயப் பத்திரம் ஒண்ணு, கட்டுமான ஒப்பந்தம் ஒண்ணு. அதோட ரசீது, பேங்க் ஸ்டேட்மெண்ட், கலர் கலரா குடுத்த ப்ரோச்சர் எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல போடுங்க. ப்ரோச்சரை சும்மா நினைக்காதீங்க, அதுல இருந்த பொய்யை நம்பி பணம் போட்டேன்னு ரெரா சட்டம் (வீடு, மனை விக்கிறவங்களைக் கட்டுப்படுத்துற 2016 சட்டம்) 12-வது பிரிவுல கேக்கலாம். வாட்ஸ்அப் சாட் இருந்தா ஸ்க்ரீன்ஷாட் மட்டும் போதாது, அந்த போனையே பத்திரமா வெச்சுக்கோங்க. கேஷா குடுத்து ரசீது வாங்கலன்னா, சண்டை பெருசாகுறதுக்கு முன்னாடியே "அண்ணே, போன மாசம் கையில குடுத்தேனே, அதையும் கணக்குல சேத்துட்டீங்களா"ன்னு மெசேஜ் போட்டு, "சேத்தாச்சு"ன்னு ஒரு பதில் வாங்கிடுங்க.

பதிவுத்துறையோட டிஎன் ரெஜிநெட் வெப்சைட்ல வில்லங்கமும் ஒரு தடவை போட்டுப் பாருங்க. அதே வீட்டை வேற ஆளுக்கு எழுதியிருந்தாலோ, உங்களுக்குத் தெரியாம நிலத்தை அடமானம் வெச்சிருந்தாலோ கேஸோட போக்கே வேற.

இப்ப ரெரா. 500 சதுர மீட்டர் தாண்டாத நிலம், இல்லன்னா 8 வீட்டைத் தாண்டாத கட்டடம்னா பதிவு தேவையில்லன்னு 2016 சட்டம் விட்டுடுச்சு, காட்பாடி காந்தி நகர், பாகாயம் சந்துகள்ல வர்ற ஆறு வீட்டு கட்டடமெல்லாம் இதுல தப்பிச்சுடும். பெரிய ப்ராஜெக்டா இருந்தா 18-வது பிரிவு தான் உங்க ஆயுதம். சொன்ன தேதிக்கு சாவி குடுக்கலன்னா வெளிய வந்து வட்டியோட பணம் கேக்கலாம், இல்ல வீடே வேணும்னா குடுக்குற வரைக்கும் மாசா மாசம் வட்டி கேக்கலாம். தாமதம் ஆயிடுச்சுன்னா பணத்தைத் திரும்பக் கேக்குறது நிபந்தனையே இல்லாத உரிமைன்னு 2021-ல நியூடெக் வழக்குல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு, அதனால "சிமெண்ட் விலை ஏறிடுச்சு சார்" கதையெல்லாம் அங்க எடுபடாது. தமிழ்நாட்டுல பணம், வட்டிக்கு ஃபார்ம் எம், நஷ்டஈடுக்கு ஃபார்ம் என், ரெண்டும் தனித்தனி மனு. எழுதி ரெஜிஸ்டர் பண்ண ஒப்பந்தம் இல்லாம 10 சதவீதத்துக்கு மேல அட்வான்ஸ் வாங்கியிருந்தா அதுவும் தப்பு, மனுல சேருங்க. பில்டர் அப்பீல் போகணும்னா உங்களுக்குக் குடுக்கச் சொன்ன பணத்தை முழுசா கட்டிட்டு தான் போகணும், இது நல்ல விஷயம். ஆனா ஆர்டர் வாங்குறதை விட வசூல் பண்றது தான் பெரும்பாடு, பில்டர் கட்டலன்னா வருவாய் பாக்கி மாதிரி வசூல் பண்ண கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் அலையணும்.

சின்ன பில்டர், சின்ன தொகைன்னா நான் நுகர்வோர் கமிஷனைத் தான் சொல்லுவேன். நீங்க குடியிருக்கிற மாவட்டத்துலயே போடலாம், கட்டடம் சென்னையில இருந்தாலும் சரி. நீங்க குடுத்த தொகை 50 லட்சம் வரைக்கும் மாவட்ட கமிஷன், அதுக்கு மேல 2 கோடி வரைக்கும் மாநில கமிஷன். 5 லட்சம் வரைக்கும் ஃபீஸே கிடையாது, 20 லட்சத்துல இருந்து 50 லட்சம் வரைக்கும் வெறும் 1000 ரூபா, வக்கீல் இல்லாமலே வாதாடலாம். ரெண்டு வருஷக் கெடு இருக்கு, இழுக்காதீங்க. மிலிட்டரி ரிட்டயர்மெண்ட் பணத்தைக் கொண்டு வந்து லே-அவுட்ல மனை வாங்குனவங்க நம்ம மாவட்டத்துல ஜாஸ்தி, அவங்களும் இங்க வரலாம், ரோடு, கால்வாய் போட்டுத் தர்றேன்னு சொல்லி வித்த மனை சேவைக்குள்ள வரும்னு 2012-லயே தீர்ப்பு இருக்கு. ரெரா, கமிஷன் ரெண்டுல எதை வேணாலும் எடுக்கலாம், ஆனா ஒரே விஷயத்தைக் கேட்டு ரெண்டுலயும் ஓடாதீங்க.

போலீஸுக்குப் போறவங்க கவனிங்க, லேட் ஆச்சுன்னு மட்டும் சொன்னா "சிவில் மேட்டர்ப்பா"ன்னு அனுப்பிடுவாங்க, அதுல ஞாயமும் கொஞ்சம் இருக்கு. ஒரே வீட்டை ரெண்டு பேருக்கு வித்தது, போலி அப்ரூவல் காட்டுனது, தனக்கு உரிமையில்லாத நிலத்துக்குப் பணம் வாங்குனது, இதெல்லாம் தான் மோசடி, பழைய ஐபிசி 420, இப்ப அதுக்குப் பதிலா வந்த புது குற்றச் சட்டம் பிஎன்எஸ்ல 318. அதை ஆதாரத்தோட மாவட்ட குற்றப்பிரிவுல குடுங்க. எடுக்கலன்னா எஸ்பிக்கு எழுதுங்க, அப்பவும் நடக்கலன்னா மாஜிஸ்திரேட் கோர்ட்டு.

பில்டர் சமாதானமா செக் குடுத்து அது பவுன்ஸ் ஆச்சுன்னா நாளை எண்ண ஆரம்பிச்சுடுங்க. பேங்க் மெமோ வந்த 30 நாளுக்குள்ள நோட்டீஸ், அது அவருக்குக் கிடைச்சு 15 நாள் ஆகியும் பணம் வரலன்னா அடுத்த ஒரு மாசத்துக்குள்ள கோர்ட்டுல 138 கேஸ் (செக் பவுன்ஸுக்கான சட்டப் பிரிவு).

கம்பெனி திவால்னு பேப்பர்ல விளம்பரம் பாத்தா மத்ததையெல்லாம் விட்டுட்டு முதல்ல ஃபார்ம் சிஏ (வீடு வாங்குனவங்க தங்களுக்கு வர வேண்டிய பணத்தைக் கேக்குற படிவம்) போடுங்க, இல்லன்னா கணக்குலயே வர மாட்டீங்க.

கோவத்துல ஹோம் லோன் இஎம்ஐயை நிறுத்திடாதீங்க, பேங்குக்கும் பில்டர் தகராறுக்கும் சம்பந்தமே இல்ல, சிபில் ஸ்கோர் போறது உங்களுக்குத் தான். வீட்டுப் பொம்பளைங்க பேர்ல பத்திரம் இருந்தா மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுல வக்கீல் இலவசம், பெண்களுக்கு வருமான வரம்பு பாக்க மாட்டாங்க. அப்புறம் பில்டர் கூப்பிட்டு "எல்லாம் செட்டில் ஆச்சு"ன்னு ஒரு பேப்பரை நீட்டுனா, பணம் உங்க அக்கவுண்ட்ல விழுந்த மெசேஜைப் பாத்துட்டு அப்புறமா பேனாவை எடுங்க.