வாசற்படிக்கு மூன்றே மதிப்பெண்: தண்டுவடக் காயத்துக்குப் பின் அளவிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னையிலிருந்து விழுந்தவர், பைக் விபத்தில் அடிபட்டவர் என யாராக இருந்தாலும், தண்டுவடக் காயத்தோடு ஊர் திரும்புகிறவரின் கோப்பில் ‘ஸ்கிம்: 100-க்கு இத்தனை’ என்று ஓர் எண் இருக்கலாம். தண்டுவடக் காயம் பட்டவர் அன்றாட வேலைகளை எந்த அளவுக்குத் தானே செய்துகொள்கிறார் என்பதை அளக்கும் மதிப்பெண் முறைதான் ஸ்கிம் (SCIM). அந்தக் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்து ஆளை எடைபோடுவதுதான் பெரிய தவறு.

ஸ்கிம் மூன்றாம் பதிப்பில் சுயபராமரிப்புக்கு 20, மூச்சு மற்றும் மலஜலக் கட்டுப்பாட்டுக்கு 40, நடமாட்டத்துக்கு 40. இதில் படியேறி இறங்க அதிகபட்சம் 3 மதிப்பெண்தான். டெல்டா கிராமங்களில் வெள்ளத்துக்கு அஞ்சி உயர்த்திக் கட்டிய வீடுகளைப் பாருங்கள்: தெருவிலிருந்து நாலு படி, திண்ணை, பிறகு நிலைப்படி. சக்கர நாற்காலிக்காரர் தாளில் இழப்பது 3. வாழ்க்கையில் இழப்பது தெரு முழுவதையும். எனவே பிரிவு வாரியாக, கேள்வி வாரியாகப் படியுங்கள்.

வார்டின் வழுவழுப்பான தரையில் 100 மீட்டர் தாண்டி நாற்காலியை உருட்டியவர், ஐப்பசி மழையில் களிமண் சந்தில் பத்தடி நகர மாட்டார். உடல் செயல்பாடு, இயலாமை பற்றிய உலக சுகாதார நிறுவனத்தின் 2001-ஆம் ஆண்டு வகைப்பாடு ‘செய்ய இயலும்’, ‘செய்கிறார்’ இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. நாமும் இரண்டையும் தனித்தனியே குறிக்க வேண்டும். தானே குளிக்கத் தெரிந்தவருக்கு அம்மா தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். அது இயலாமைக் கணக்கில் சேராது.

சமூகப் பங்கேற்பை அளக்கும் ‘சார்ட்’ (CHART) என்ற கேள்வித்தாள் அமெரிக்காவின் கிரெய்க் மருத்துவமனையில் உருவானது. படுக்கையை விட்டு எத்தனை மணி நேரம், வாரத்தில் எத்தனை நாள் வெளியே என்ற அதன் கேள்விகள் எங்கும் செல்லும். முன்பின் தெரியாத எத்தனை பேரிடம் நீங்களாகப் பேச்சுக் கொடுத்தீர்கள் என்றும் அது கேட்கிறது. கும்பகோணம் கடைத்தெருவில் சரி. தெரு முழுக்க மாமன், சித்தப்பா முறையாக இருக்கும் ஊரில் பூஜ்யம்தான் வரும். அதைத் தனிமை என்று எழுதிவிடாதீர்கள். அதற்காகக் கேள்வியை நம் இஷ்டத்துக்கு மாற்றிவிட்டு மதிப்பெண் போடுவதும் தப்பு. மூலக் கேள்வி அப்படியே இருக்கட்டும். டீக்கடைக்குப் போனாரா, கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடைபோடும்போது உடனிருந்தாரா, பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்தாரா என்பதைத் தனித் தாளில் கேளுங்கள்.

போகவில்லை என்றால், போக ஆசை இருந்ததா என்றும் கேட்க வேண்டும். இதை வீட்டார் முன்னிலையில் கேட்டுப் பயனில்லை. “அவருக்குத்தான் கூட்டமே பிடிக்காதே” என்று மனைவி முந்திக்கொள்வார். தனியே கேட்டால், பந்தி நடுவில் சிறுநீர் கசிந்துவிடுமோ என்ற பயம் வெளிவரும். டியூப் போட்டுச் சிறுநீர் எடுக்கும் நேரத்தைக் கிளம்பும் நேரத்தோடு பொருத்தினாலே சிலருக்குத் தீர்ந்துவிடும்.

தேதியைக் குறிக்க மறக்காதீர்கள். கார்த்திகையில் எடுத்த கணக்கைச் சித்திரைக் கணக்கோடு ஒப்பிட்டு, சிகிச்சையால் முன்னேறினார் என்று எழுதினால், தெரு காய்ந்ததற்கு நாம் பெயர் வாங்கிக்கொள்கிறோம். அடுத்த ஆண்டும் அதே மாதத்தில் போய்க் கேளுங்கள்.