ரோடு பைக்கில் கறகறச் சத்தம்: பாட்டம் பிராக்கெட்டைக் குற்றம் சொல்வதற்கு முன்

ரோடு பைக் எனும் சாலைச் சைக்கிளில், மிதிக்கும்போது மட்டும் கேட்கும் கறகறச் சத்தத்துக்கு நம் குமரி மாவட்டத்தில் முதலில் மாட்டிக்கொள்வது, கிராங்கின் அச்சைத் தாங்கும் பேரிங் தொகுதியான பாட்டம் பிராக்கெட்தான். கடையில் சைக்கிளை நிறுத்தியதும் பெடல் பூட்டிய கிராங்கைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பி.பி. போய்விட்டது தம்பி, மாற்றிவிடலாம்" என்பார்கள். மாற்றிய பிறகு குலசேகரம் தாண்டிப் பேச்சிப்பாறை ஏற்றத்தில் எழுந்து மிதித்தால் அதே சத்தம் அப்படியே இருக்கும். காசும் போயிற்று, நல்ல நிலையில் இருந்த பேரிங்கும் குப்பைக்குப் போயிற்று.

பாட்டம் பிராக்கெட் கத்தவே கத்தாது என்று சொல்ல மாட்டேன். மரை இல்லாமல் அழுத்திப் பொருத்தும் பிரஸ் ஃபிட் வகை நிறையவே கத்தும். ஆனாலும் அதைக் கடைசியில்தான் கழற்ற வேண்டும். வேலை அதிகம், பிரஸ் ஃபிட் பேரிங்கைத் தட்டி எடுக்கும்போது அது கெட்டுப்போகவும் வாய்ப்பு உண்டு. எளிதாகப் பார்க்கக்கூடியவற்றை எல்லாம் பார்த்து முடிக்காமல் அதில் கை வைப்பதுதான் நான் பார்த்தவரையில் மிகவும் செலவு பிடிக்கும் தவறு.

இந்தத் தவறு நேர்வதற்குக் காரணம் நம் காதுதான். சைக்கிளின் சட்டம் (ஃபிரேம்) முழுவதும் உள்ளே காலியான குழாய்கள். சீட்டுக்கடியில் பிறக்கும் சத்தம் குழாய் வழியே இறங்கிக் காலடியில் கேட்கிறது. ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மில் பிறப்பதும் அப்படியே. அதனால் "எங்கே கேட்கிறது" என்ற கேள்வியைத் தள்ளி வைத்துவிட்டு, "எப்போது கேட்கிறது" என்று கவனிக்க வேண்டும்.

கிராங்க் ஒரு சுற்று வரும்போது ஒரே இடத்தில் ஒரு முறை கேட்டால் பெடல், கிராங்க், செயின் ஓடும் முன் பல்சக்கரமான செயின்ரிங்கின் போல்ட், ஷூவின் அடியில் இருக்கும் கிளீட் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். மிதிப்பதை நிறுத்தி உருள விட்டாலும், வேகத்துக்கு ஏற்ப சத்தம் தொடர்ந்தால் அது சக்கரத்தில் இருக்கிறது. இரண்டு மூன்று சுற்றுக்கு ஒரு முறை வந்தால் செயினில் ஏதோ ஒரு கண்ணி இறுகியிருக்கிறது. 108 கண்ணி உள்ள செயின் 50 பல் செயின்ரிங்கில் ஓடும்போது, அந்தக் கண்ணி மறுபடி அதே இடத்துக்கு வர இரண்டு சுற்றுக்குச் சற்று மேல் ஆகும்; 34 பல் செயின்ரிங்கில் மூன்று சுற்றைத் தாண்டும்.

அடுத்து, உட்கார்ந்தும் எழுந்தும் மிதித்துப் பாருங்கள். எழுந்ததும் சத்தம் நின்றுவிட்டால் சீட், அதைத் தாங்கும் தண்டான சீட் போஸ்ட், அவற்றின் கிளாம்ப் என்று சந்தேகம் சுருங்கிவிடும். உட்கார்ந்து மிதிக்கும்போது ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு லேசாக அசைகிறது. அந்த அசைவில் சீட்டும் மிதியின் தாளத்திலேயே கத்துகிறது. சீட் போஸ்ட் செய்த குற்றத்துக்குப் பாட்டம் பிராக்கெட் தண்டனை வாங்குவது இப்படித்தான். எழுந்து நின்று சைக்கிளை இடமும் வலமும் ஆட்டும்போது மட்டும் கேட்டால் ஸ்டெம், ஹேண்டில்பார், அது திரும்பும் பேரிங்கான ஹெட்செட், சக்கரத்தைச் சட்டத்தோடு பூட்டும் குயிக் ரிலீஸ் ஆகியவற்றைப் பாருங்கள்.

இந்தச் சோதனைகளை ஸ்டாண்டில் நிறுத்திச் செய்வதில் பயனில்லை. பாரம் இல்லாத சைக்கிள் பெரும்பாலும் வாயைத் திறக்காது. ஏற்றம் வேண்டும், அமைதியும் வேண்டும். ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும் காற்றில் சைக்கிள் இரண்டாக உடைந்தாலும் காதில் விழாது. ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே போகும் சாலைகள் விடியற்காலையில் இதற்கென்றே அமைந்தவை. வெளியே போக நேரமில்லை என்றால் வீட்டிலேயே முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, கிராங்கைத் தரைக்குக் கிடையாக வைத்து, பெடலைக் காலால் அழுத்தி விடுங்கள். இரண்டு பக்கமும் செய்யுங்கள். பிரேக்கை விடாமல் ஹேண்டில்பாரையும் முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து பெடல், சீட் போஸ்ட், செயின்ரிங் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கழற்றிக் கிரீஸ் போடும் நண்பர்கள் இருக்கிறார்கள். சத்தம் நின்றாலும் எது நிறுத்தியது என்று தெரியாது; மறுபடி வந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு முறை ஒரே ஒரு பொருளைத் தொடுங்கள். பிறகு அதே ஏற்றத்தில், அதே கியரில் ஏறிப் பாருங்கள்.

எதிலிருந்து தொடங்குவது? காசில்லாத வேலைகளிலிருந்து. தண்ணீர்ப் பாட்டில் கூண்டின் போல்ட், சீட்டுக்கடியில் தொங்கும் பை, கியர் மாற்றும் முன் டெரெய்லரின் கேபிள் நுனி கிராங்கில் தட்டுகிறதா என்பது. பிறகு குயிக் ரிலீஸ்: சக்கரத்தைக் கழற்றி, சட்டத்தோடு அது சேரும் இடத்தைத் துடைத்து மறுபடி பூட்டினாலே பல சத்தங்கள் அடங்கிவிடும். பின் டெரெய்லர் தொங்கும் ஹாங்கரை யாரும் கவனிப்பதில்லை. சின்னத் திருகுகளில் நிற்கும் அந்தத் துண்டைக் கழற்றித் துடைத்து, மெல்லிய கிரீஸ் தடவிப் பூட்டுங்கள்.

சீட் போஸ்ட்டைப் பற்றி நம் மாவட்டத்துக்காரர்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மணக்குடி, ராஜாக்கமங்கலம், முட்டம், குளச்சல் என்று கடற்கரையை ஒட்டி ஓட்டுகிறோம். உப்புக் காற்று போதாதென்று தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் இங்கே பெய்கிறது. பின்சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர் நேராகப் போய்ச் சேரும் இடம் சீட் கிளாம்ப். உயரத்தைத் தவறவிடாமல் இன்சுலேஷன் டேப் ஒன்றைச் சுற்றிவிட்டு அலுமினியப் போஸ்ட்டை உருவிப் பாருங்கள். கிளாம்ப் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம். அதற்குக் கீழே திருநீறு பூசியதுபோல வெள்ளைப் பொடி. விரலால் தேய்த்தால் நறநறவென்று மணல். அந்தப் பொடி அலுமினியம் அரித்து உண்டான ஆக்சைடு. மணலும் லேசுப்பட்டதல்ல. மணவாளக்குறிச்சிக் கரையின் தாது மணலில் இல்மனைட்டோடு கார்னெட்டும் கலந்திருக்கிறது. உப்புத்தாள் செய்யப் பயன்படும் கனிமம் அது. போஸ்ட்டையும் குழாயின் உட்புறத்தையும் துணியால் சுத்தமாகத் துடைத்து, உலோகத்தோடு உலோகம் சேரும் இடமானால் கிரீஸ் தடவுங்கள். போஸ்ட்டோ சட்டமோ கார்பன் இழையால் ஆனது என்றால் கிரீஸ் கூடாது, வழுக்கி இறங்கும். அதற்கென்று விற்கும் கார்பன் பேஸ்ட்டைத்தான் பூச வேண்டும். இதை ஆண்டுக் கணக்கில் செய்யாமல் விட்டால் போஸ்ட் சட்டத்தோடு ஒட்டிப்போய்ப் பிறகு வெளியே வரவே வராது.

சத்தம் வரும் பக்கமெல்லாம் துருநீக்கி ஸ்ப்ரே அடிப்பது அடுத்த தவறு. சில நாள் அமைதி கிடைக்கும், உண்மைதான். அதற்குள் அது பேரிங்குக்குள் புகுந்து அங்கிருந்த கிரீஸைக் கரைத்துவிடும். வெளியே பிசுபிசுத்த இடத்தில் மணல் வந்து ஒட்டிக்கொள்ளும். டிஸ்க் பிரேக்கில் ஒரு துளி பட்டால் பிடிப்பே போய்விடும். மோட்டார் சைக்கிளுக்குச் செய்வதுபோல வாட்டர் சர்வீஸ் கொடுப்பதும் இதே வகைக் கேடுதான். அழுத்தத்தில் பீய்ச்சும் தண்ணீர் பேரிங் சீலைத் தாண்டி உள்ளே போகும்.

இனி, "இன்னும் கொஞ்சம் இறுக்கிவிடலாம்" என்ற எண்ணம். சத்தம் எல்லா நேரமும் தளர்ச்சியால் வருவதில்லை. காய்ந்துபோன, அழுக்கேறிய பரப்புகள் ஒன்றோடொன்று உரசினாலும் வரும். அங்கே இறுக்கினால் பயனில்லை, உடைப்புத்தான் மிச்சம். ஸ்டெம், சீட் போஸ்ட் போல்ட்டுகளின் அருகில் பெரும்பாலும் இறுக்க வேண்டிய அளவு அச்சிட்டிருக்கும், 5 நியூட்டன் மீட்டர் என்பதுபோல. அதைத் தாண்டாதீர்கள். பெடலுக்கோ 35 முதல் 40 வரை வேண்டும். ஷிமானோவின் இரட்டைப் போல்ட் இடது கிராங்குக்கு 12 முதல் 14 வரை. இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். இதற்குக் கைக் கணக்கு உதவாது, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வேண்டும். ஒருவர் வாங்கினால் ஒரு குழுவே பயன்படுத்தலாம்.

இடது பெடலின் மரை எதிர்த்திசையில் சுற்றும் என்பதை நினைவில் வையுங்கள். மரை உள்ள பி.எஸ்.ஏ. வகைப் பாட்டம் பிராக்கெட்டில் வலது பேரிங் கப் அப்படி. ஹெட்செட் ஆடினால், ஸ்டெம்மின் பக்கவாட்டுப் போல்ட்டுகளைத் தளர்த்திய பிறகே மேல் மூடியை இறுக்க வேண்டும். தளர்த்தாமல் மூடியை மட்டும் முறுக்கினால் ஆட்டம் போகாது, மரைதான் கெடும்.

எல்லாம் பார்த்தும் சத்தம் நிற்கவில்லை, அல்லது திடீரென்று வேறு குரலில் கேட்கிறது என்றால், ஓட்டுவதை நிறுத்திவிட்டுச் சட்டத்தைப் பாருங்கள். ஹேண்டில்பாருக்குக் கீழே குழாய்கள் சேரும் மூட்டு, பாட்டம் பிராக்கெட்டைச் சுற்றிய பகுதி, சீட் கிளாம்ப் ஓரம், பின்சக்கரம் பொருந்தும் இடம் ஆகியவற்றை நன்றாகத் துடைத்து, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். பெயின்டில் முடி போன்ற கோடு தெரிந்தால் பஞ்சை அதன்மேல் இழுங்கள். இழை மாட்டினால் விரிசலாக இருக்கலாம். கார்பனை நாணயத்தால் மெல்லத் தட்டும்போது கணீரென்று கேட்டுக்கொண்டே வந்து, ஓரிடத்தில் மட்டும் மொத்தென்று அடங்கினாலும் சந்தேகப்படுங்கள். அந்த நிலையில் சைக்கிளை ஓட்டிக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள். ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போங்கள்.