"ரத்தம் ஒத்துவரல்ல" என்றால் எந்த ரத்தத்தைச் சோதிப்பது?

எங்கள் மட்டக்களப்புப் பக்கம் ஒரு பிள்ளைக்கு இரண்டு மூன்று தரம் கரு கலைந்தால், பார்க்க வருகிறவர்கள் காரணத்தையும் கையோடு கொண்டு வருவார்கள். கண்ணூறு என்பார் ஒருவர், பப்பாசிப்பழம் தின்றிருப்பாள் என்பார் இன்னொருவர், கொஞ்சம் படித்தவர் என்றால் "ரெண்டு பேர்ட ரத்தமும் ஒத்துவரல்ல போல" என்பார். முதல் இரண்டையும் விடுங்கள். மூன்றாவதில் ஒரு சொட்டு உண்மை இருக்கிறது, ஆனால் சொல்கிறவர் நினைக்கிற மாதிரி இல்லை. சண்டை புருஷன் ரத்தத்துக்கும் பெண்சாதி ரத்தத்துக்கும் இடையில் அல்ல. சில பெண்களின் நோய் எதிர்ப்புச் சக்தி தன் சொந்த உடம்போடேயே முரண்டு பிடிக்கிறது.

என் தங்கச்சிக்கு முதல் இரண்டும் 9 கிழமைக்குள் போனது, மூன்றாவது 17ஆம் கிழமையில். அதற்குப் பிறகுதான் அலுமாரிக்கு மேலே கிடந்த சொப்பிங் பேக்கை இறக்கி, பழைய கிளினிக் கொப்பிகளை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினோம். முதல் கர்ப்பத்தில் எடுத்த விடிஆர்எல் சோதனைக்கு நேரே "ரியாக்டிவ்" என்றும், அதன் கீழே வேறு பேனையில், அதை உறுதிப்படுத்தும் டிபிபிஏ சோதனை நெகட்டிவ் என்றும் எழுதியிருந்தது. விடிஆர்எல் என்பது சிபிலிஸ் என்கிற பால்வினை நோயைத் தேடும் சோதனை, கர்ப்பிணிகள் எல்லோருக்கும் செய்வார்கள். அந்த ஒரு கிழமை வீட்டில் நடந்ததை நான் எழுதவில்லை, அவளுடைய மாப்பிள்ளை சாப்பிடாமல் முற்றத்துக் கதிரையிலேயே இருந்தார் என்பது போதும். உறுதிப்படுத்தும் சோதனையில் அந்த நோய் இல்லை என்றதும் எல்லோரும் மூச்சு விட்டோம், அப்புறம் மறந்துவிட்டோம்.

மறந்திருக்கக் கூடாது. விடிஆர்எல் சோதனைக்குப் பயன்படுத்துகிற பொருளிலேயே கார்டியோலிப்பின் என்கிற கொழுப்பு இருக்கிறது. அந்தக் கொழுப்புக்கு எதிரான பிறபொருளெதிரி (எதிர்ப்புச் சக்தி உண்டாக்கும் புரதம், ஆன்டிபொடி) உங்கள் ரத்தத்தில் இருந்தால், சிபிலிஸ் இல்லாமலேயே சோதனை பொசிட்டிவ் காட்டலாம். அதே பிறபொருளெதிரிதான் கருவையும் கலைக்கக்கூடியது. ஆகவே முதல் வேலை இதுதான்: வீட்டில் இருக்கிற எல்லாக் கொப்பியையும், ஸ்கேன் துண்டையும், கார்டையும் திகதி வரிசையில் அடுக்குங்கள். ஒவ்வொரு கர்ப்பமும் எத்தனையாம் கிழமையில் நின்றது, ஸ்கேனில் இதயத் துடிப்பு தெரிந்ததா, எப்போதாவது காலில் ரத்தம் கட்டியதா, இவற்றை ஒரே தாளில் எழுதுங்கள். கிளினிக்கில் டொக்டருக்கு உங்களோடு கதைக்கக் கிடைப்பது சில நிமிஷம், அந்த நேரத்தில் சொப்பிங் பேக்கைக் கிளறிக்கொண்டு நிற்க முடியாது.

நான் சொல்கிற நோயின் பெயர் ஆன்டிபொஸ்போலிப்பிட் சின்ட்ரோம், சுருக்கமாக ஏபிஎஸ். லண்டனில் கிரஹம் ஹியூஸ் என்கிற வைத்தியர் 1983இல் விவரித்தது என்பதால் ஹியூஸ் சின்ட்ரோம் என்றும் சொல்வார்கள். நச்சுக்கொடி கருப்பைச் சுவரில் வேரூன்றுகிற இடத்தில் இந்தப் பிறபொருளெதிரிகள் போய் வேலையைக் கெடுக்கின்றன: வேர் ஆழமாக இறங்க விடாது, அழற்சியைக் கிளப்பும், சிலருக்கு அங்கே ரத்தத்தையும் உறைய வைக்கும். திரும்பத் திரும்பக் கரு கலைகிற பெண்களில் ஏறக்குறைய 15 வீதம் பேருக்கு இது இருப்பதாகப் பிரித்தானிய மகப்பேற்று வைத்தியர்களின் வழிகாட்டி சொல்கிறது. மற்ற 85 வீதம் பேருக்கு இது இல்லை என்பதையும் சேர்த்தே வாசியுங்கள். ஒரே ஒரு தரம் கலைவதற்கு பெரும்பாலும் கருவின் குரோமோசோம் பிழைதான் காரணம், அதற்கெல்லாம் இந்தச் சோதனை தேவைப்படாது.

யார் கேட்டு வாங்க வேண்டும்? 10 கிழமைக்கு முன்னம் மூன்று தரம் கலைந்தவர்கள் (ஐரோப்பிய வழிகாட்டி இரண்டு தரத்துக்கே பார்க்கலாம் என்கிறது), 10 கிழமைக்குப் பிறகு உருவம் சரியாக இருந்த பிள்ளை ஒரு தரமாவது வயிற்றிலேயே இறந்தவர்கள், பிரஷர் ஏறியோ பிள்ளை வளராமலோ 34 கிழமைக்கு முன்னம் பெற வேண்டி வந்தவர்கள். போதனா வைத்தியசாலை விஓஜி (மகப்பேற்று நிபுணர்) கிளினிக்கோ, கல்முனையோ, அம்பாறையோ, எங்கே போனாலும் "எனக்கு ஏபிஎஸ் பார்த்திருக்கா?" என்று வாய் திறந்து கேளுங்கள். கேட்டால் டொக்டர் கோபிப்பார் என்ற பயம் எங்கள் ஆட்களுக்கு நிறைய. கோபித்தாலும் பரவாயில்லை.

சோதனை ஒன்றல்ல, மூன்று: லூபஸ் ஆன்டிகோகுலன்ட், ஆன்டிகார்டியோலிப்பின், ஆன்டி பீட்டா டூ கிளைகோபுரோட்டீன். கடைசி இரண்டிலும் ஐஜிஜி, ஐஜிஎம் என்று இரண்டு வகை பார்க்க வேண்டும். பல இடங்களில் ஆன்டிகார்டியோலிப்பின் ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு "ஏபிஎஸ் நோர்மல்" என்று சொல்லிவிடுகிறார்கள், தங்கச்சிக்கும் முதலில் ஒரு தனியார் இடத்தில் அப்படித்தான் நடந்தது. லூபஸ் ஆன்டிகோகுலன்ட் என்ற பெயரைப் பார்த்து லூபஸ் நோய் (எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்கும் ஒரு நோய்) வந்துவிட்டதென்று அழவும் வேண்டாம். முதலில் லூபஸ் நோயாளிகளிடம் கண்டுபிடித்ததால் வைத்த பெயர். ஆன்டிகோகுலன்ட் என்றால் ரத்தத்தை உறைய விடாதது என்று அர்த்தம், உடம்புக்குள் செய்வதோ நேர்மாறு, உறைய வைக்கும்.

இந்த லூபஸ் ஆன்டிகோகுலன்ட் சோதனை கொஞ்சம் செல்லமானது. ரத்தத்தை எடுத்த கொஞ்ச மணித்தியாலத்துக்குள் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும், உடனே செய்யாவிட்டால் உறைநிலையில் வைக்க வேண்டும். காலையில் குழாயில் எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் பின்னேர பஸ்ஸில் கொழும்புக்கு அனுப்புகிற மாதிரி என்றால் அந்த ரிப்போர்ட்டை நம்பாதீர்கள். ஆகவே காசு கட்டுமுன் "இதை இங்கேயே செய்றீங்களா, அனுப்புறீங்களா, அனுப்பினால் பிரிச்சு ஐஸில வச்சா?" என்று கேளுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபரின் ஊசியோ வார்பரின் மாத்திரையோ எடுக்கிறவர்கள் முதலே சொல்லுங்கள், அவை முடிவைக் குழப்பும். கரு கலைந்த கையோடும் எடுக்க வேண்டாம், 6 கிழமையாவது போகட்டும்.

பொசிட்டிவ் வந்தாலும் கதை முடியவில்லை. குறைந்தது 12 கிழமை கழித்து அதே சோதனையை மீண்டும் செய்து, இரண்டாம் தரமும் பொசிட்டிவ் என்றால்தான் ஏபிஎஸ். ஒரு காய்ச்சல், ஒரு தொற்று வந்துபோனாலும் இந்தப் பிறபொருளெதிரிகள் கொஞ்சக் காலம் தலைகாட்டிவிட்டு மறைந்துவிடும். அதோடு கார்டியோலிப்பின் எண்ணிக்கை எல்லைக்கோட்டில் லேசாகக் கூடியிருப்பது போதாது, பொதுவாக 40 யூனிட்டுக்கு மேலே நிற்க வேண்டும். அந்த மூன்று மாதம் காத்திருப்பது பெரும் பாடு, எனக்குத் தெரியும், எங்கள் அம்மா ஒவ்வொரு வெள்ளியும் மாமாங்கேஸ்வரர் கோயிலுக்குப் போனா. காத்திருக்கும்போது கர்ப்பத்தடைக்கு ஈஸ்திரஜன் கலந்த மாத்திரையை மட்டும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். ஏபிஎஸ் உள்ளவர்களுக்கு அது ரத்தக் கட்டியைக் கொண்டு வரும். மருத்துவமாதுவிடம் வேறு வழி கேளுங்கள்.

எதிர்ப்புச் சக்தி சம்பந்தப்பட்ட மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ரத்த வகை நெகட்டிவ் உள்ள பெண்ணுக்குக் கரு கலைந்தால், அதிலும் 12 கிழமைக்குப் பிறகு அல்லது கழுவி எடுத்தால், 72 மணித்தியாலத்துக்குள் ஆன்டி டி ஊசி தேவையா என்று கேட்க வேண்டும். இது முதல் கருவைக் கலைக்கிற விஷயமல்ல, பிறகு வருகிற பிள்ளையைக் காப்பாற்ற. "ரத்தம் ஒத்துவரல்ல" என்ற பேச்சே இதிலிருந்துதான் கிளம்பியிருக்க வேண்டும்.

தைரொய்ட் சுரப்பியைத் தன் உடம்பே தாக்குவது எங்கள் பெண்களுக்குச் சாதாரணமாக வருகிறது. சுரப்பு குறைந்தால் மாதவிடாய் குழம்பும், கரு தரிப்பது தாமதமாகும், கலையவும் கூடும். அதனால் தைரொய்ட் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் டிஎஸ்எச் ரத்தச் சோதனையைக் கட்டாயம் பாருங்கள். டிஎஸ்எச் சரியாக இருந்து தைரொய்டுக்கு எதிரான டிபிஓ பிறபொருளெதிரி மட்டும் பொசிட்டிவ் என்றால், தைரொக்சின் மாத்திரை போட்டுப் பிள்ளை தங்குவது கூடவில்லை என்று 2019இல் வந்த பெரிய ஆய்வு காட்டியது. மாத்திரை வேண்டாம், கர்ப்பத்தில் டிஎஸ்எச்சைக் கவனித்தால் போதும்.

மூட்டு வலி, வெயிலில் முகம் சிவத்தல், வாய்ப்புண், முடி கொட்டல் எல்லாம் சேர்ந்து இருந்தால் லூபஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லூபஸ் இருந்தாலும் பிள்ளை பெறலாம், ஆனால் நோய் 6 மாதமாவது அடங்கியிருக்க வேண்டும். லூபஸுக்குக் கொடுக்கிற ஹைட்ரொக்ஸிகுளோரோகுயின் மாத்திரையைக் கர்ப்பம் என்று பயந்து நிறுத்தக் கூடாது.

கரு தங்காதது வேறு, கரு தரிக்கவே இல்லை என்பது வேறு. ஏபிஎஸ் இருப்பதால் கரு தரிக்காது என்று நிரூபணம் இல்லை. தரிக்காதவர்களில், எதிர்ப்புச் சக்தி சூலகத்தைத் தாக்கி 40 வயதுக்கு முன்னமே மாதவிடாய் நிற்பது ஒன்று. ஆண்களில் விந்தணுவுக்கு எதிராகவே பிறபொருளெதிரி உண்டாவது இன்னொன்று, விதையில் அடிபட்டவர்களுக்கும் அங்கே ஒப்பரேஷன் செய்தவர்களுக்கும் வரலாம். அதனால் மாப்பிள்ளையும் விந்துச் சோதனைக்குப் போகட்டும், இது பெண்ணுடைய தனிக் குற்றமில்லை. எங்கள் ஊரில் கல்யாணம் முடித்து மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறபடியால் மாமியார் வாயிலிருந்து தப்பலாம், ஆனால் தாயின் பெருமூச்சிலிருந்து தப்ப முடியாது.

இனிக் காசு விஷயம். ரத்தத்தில் என்கே செல் (ஒரு வகை வெள்ளணு) எண்ணுவது, இன்ட்ராலிப்பிட் என்கிற கொழுப்புக் கரைசலை ஏற்றுவது, இம்யுனோகுளோபுலின் (மற்றவர் ரத்தத்திலிருந்து எடுத்த பிறபொருளெதிரி) ஏற்றுவது, புருஷனின் வெள்ளணுக்களை மனைவிக்கு ஊசியாகப் போடுவது, இதெல்லாம் இணையத்தில் அழகாக எழுதியிருக்கும். ரத்தத்தில் இருக்கிற என்கே செல்லும் கருப்பையில் இருக்கிறதும் ஒரே ஆள் இல்லை, கருப்பையில் இருப்பது நச்சுக்கொடிக்கு உதவி செய்கிறது. அந்த வெள்ளணு ஊசியை ஆய்வுக்கு வெளியே போடக் கூடாதென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான எப்டிஏ 2002இலேயே சொல்லிவிட்டது. மச்சான் முறையில் கட்டினவர்களுக்கு, இருவரின் உடம்பும் ஒரே மாதிரி இருப்பதால்தான் கலைகிறது என்று பழைய கொள்கை ஒன்று இருந்தது, அந்த ஊசியே அதிலிருந்துதான் வந்தது. கொள்கை நிலைக்கவில்லை. நகையை ஈடு வைத்து இவற்றைச் செய்யாதீர்கள்.

ஏபிஎஸ் உறுதியானால் வைத்தியம் பழையது, எளியது. குறைந்த அளவு அஸ்பிரின், கர்ப்பம் உறுதியானதும் ஹெபரின் ஊசி. 1997இல் லண்டனில் 90 பெண்களிடம் செய்த ஆய்வில் அஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 42 வீதம் பேருக்கும், இரண்டும் எடுத்தவர்களில் 71 வீதம் பேருக்கும் உயிரோடு பிள்ளை கிடைத்தது. அளவையும் தொடங்கும் நாளையும் டொக்டர்தான் சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டு அக்காவின் மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள்.

காத்தான்குடி, அக்கரைப்பற்று, சம்மாந்துறை சகோதரிகளுக்கு ஒன்று: ஹெபரினும் அதன் ஒரு வகையான எனொக்சாபரினும் பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுபவை. பாதி வழியில் தெரிந்து மனம் சங்கடப்பட்டு ஒளித்து நிறுத்துவதைவிட, தொடங்குமுன் டொக்டரிடமும் மௌலவியிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். பொண்டாபரினக்ஸ் என்று செயற்கையாகச் செய்த ஒன்றும் உண்டு, கர்ப்பத்தில் அதன் அனுபவம் குறைவு.

ஊசியை நீங்களே வீட்டில் போடலாம். தொப்புளிலிருந்து 5 சென்றிமீற்றராவது தள்ளி, வயிற்றுச் சதையை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்து, நேராகக் குத்தி, மருந்து முழுக்கப் போகும் வரை கிள்ளலை விடாமல் வைத்திருங்கள். முழு டோஸும் போடுவதென்றால் சிரிஞ்சில் இருக்கிற காற்றுக் குமிழியை வெளியே தள்ள வேண்டாம், தள்ளினால் மருந்தும் போகும். போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள், நீலம் பாரிக்கும். ஒரு நாள் இடம், மறு நாள் வலம். தங்கச்சி பாவித்த ஊசிகளைப் பெரிய பிளாஸ்ரிக் போத்தலில் போட்டு, நிரம்பினதும் கிளினிக்கில் மிஸ்ஸியிடம் கொடுப்பாள். முதல் போத்தல் நிரம்பின அன்று அவளுக்கு 20ஆம் கிழமை, அதுவரை எந்தக் கர்ப்பமும் அவளுக்கு அவ்வளவு தூரம் போனதில்லை.

கடைசி மாதங்களில் கிளினிக் கொப்பியின் முன்பக்கத்தில் சிவப்புப் பேனையால் "ஹெபரின் எடுக்கிறா" என்று எழுதி, அதன் கீழே ஒவ்வொரு நாளும் ஊசி போட்ட நேரத்தைக் குறியுங்கள். வலி தொடங்கினாலோ ரத்தம் பட்டாலோ அடுத்த ஊசியைப் போடாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் முதலில் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள், ஏனென்றால் முதுகில் ஊசி போட்டு விறைக்க வைப்பதென்றால் கடைசி ஹெபரினுக்குப் பிறகு 12 மணித்தியாலமாவது போயிருக்க வேண்டும், நடுச்சாமத்தில் அந்தக் கணக்கைச் சொல்ல உங்களுக்கு நினைவு இருக்காது.