மலை ஹெலிபேடில் இரவு நிற்கும் ஹெலிகாப்டரைக் காப்பது எப்படி?

நீலகிரி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. உதகைக்கு அருகிலுள்ள தீட்டுக்கல் போன்ற ஹெலிபேடுகளில் இறங்கும் ஹெலிகாப்டர்கள் பெரும்பாலும் சமவெளியிலிருந்து வந்து, வந்த வேலை முடிந்ததும் சமவெளிக்கே திரும்பிவிடும். ஆனால் பிற்பகலில் மேகம் இறங்கிப் பள்ளத்தாக்கை மூடிவிட்டால் விமானி கிளம்ப மாட்டார், கிளம்பவும் கூடாது. அன்றிரவு ஹெலிகாப்டர் மலையிலேயே நிற்கும். விமான நிலையத்துக்குரிய உயர்ந்த சுற்றுச்சுவரோ விளக்கு வரிசையோ நிரந்தரக் காவலோ இல்லாத ஒரு திறந்த மேட்டில், பல கோடி ரூபாய் மதிப்புள்ளதும் மறுநாள் காலையில் மனித உயிர்களைச் சுமக்கப் போவதுமான ஓர் இயந்திரத்தைக் காக்கும் பொறுப்பு அப்போது சிலரிடம் வந்து சேர்கிறது. அவர்களுக்காகவும், எஸ்டேட்டிலோ மருத்துவமனையிலோ விடுதியிலோ புதிதாக ஹெலிபேட் அமைக்க எண்ணுபவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

ஊடுருவல் கண்டறியும் அமைப்பு யாரையும் தடுத்து நிறுத்துவதில்லை. ஒருவர் வருகிறார் என்று சொல்வது மட்டுமே அதன் வேலை. அந்தச் செய்தியை நம்பிக் காவலர் எழுந்து செல்வதில்தான் பாதுகாப்பு இருக்கிறது. ஆகவே எந்தக் கருவியை வாங்குவது, எங்கே வைப்பது, எப்படிச் சரிசெய்வது என்ற எல்லாக் கேள்விகளையும், காவலர் அந்த அலாரத்தை நம்புவாரா என்ற ஒரே கேள்வியை வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இரவெல்லாம் காரணமின்றி ஒலித்த அலாரத்தை விடியற்காலையில் யாரும் நம்ப மாட்டார்கள். அதற்காகக் காவலரைக் குறை சொல்வதும் நியாயமாகாது.

சென்சார் வாங்குவதற்கு முன்பே ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். வேலி ஹெலிகாப்டரிலிருந்து 60 மீட்டர் தொலைவில் உள்ளது என்று கொள்வோம். நொடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் நடந்து வருபவர் 40 நொடிகளில் ஹெலிகாப்டரை அடைவார். நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடி வருபவருக்கு 12 நொடிகள் போதும். காவலர் தம் அறையிலிருந்து அங்கே செல்ல 90 நொடிகள் ஆகுமானால், எவ்வளவு விலையுயர்ந்த அமைப்பும் நடந்து முடிந்ததைத்தான் அறிவிக்கும். இந்த இடைவெளியைக் குறைக்க மூன்று வழிகள் உள்ளன. கண்டறியும் எல்லையை வெளிப்புறமாகத் தள்ளலாம். அந்த எல்லைக்கும் ஹெலிகாப்டருக்கும் நடுவே முள்சுருள் போன்ற தடையை வைத்து வருபவரைத் தாமதிக்கச் செய்யலாம். காவலரின் இருப்பிடத்தையே ஹெலிகாப்டருக்கு அருகில் மாற்றலாம். மூன்றாவது வழிக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. நல்ல கூரையும் கம்பளி உடையும் வெந்நீருக்கு வழியும் உள்ள ஒரு சிறிய காவல் கூண்டு பல லட்ச ரூபாய்க் கருவியைவிட அதிகப் பயன் தரும்.

வேலி இருக்கிறதே, போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. 2024 ஜூன் மாதம் லண்டனுக்கு அருகிலுள்ள ஸ்டான்ஸ்டெட்டில் போராட்டக்காரர்கள் வேலியை வெட்டி நுழைந்து தனியார் ஜெட் விமானங்களின் மீது வண்ணம் தெளித்தனர். 2025 ஜூன் மாதம் பிரிட்டிஷ் விமானப்படையின் பிரைஸ் நார்ட்டன் தளத்துக்குள் மின்சார ஸ்கூட்டர்களில் புகுந்தவர்கள் இரண்டு வாயேஜர் விமானங்களின் எஞ்சின்களுக்குள் சிவப்பு வண்ணத்தைச் செலுத்திவிட்டு வெளியேறினர். ஒரு நாட்டின் விமானப்படைத் தளத்திலேயே இது நிகழ முடியுமென்றால், கம்பி வலை மட்டும் கட்டிய மலை ஹெலிபேடைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மலைக்கான சென்சாரைத் தேர்ந்தெடுக்கும்போது, பனிமூட்டத்தில் அது என்ன செய்யும் என்பதை முதலில் கேளுங்கள். இரண்டு கம்பங்களுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றையை அனுப்பும் அகச்சிவப்புக் கற்றை சென்சார் சமவெளியில் நன்றாக வேலை செய்யும், விலையும் குறைவு. ஆனால் அது பயன்படுத்தும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 0.9 மைக்ரான், பனிமூட்டத்தின் நீர்த்துளிகளோ பல மைக்ரான் அளவுள்ளவை. துளிகள் அலைநீளத்தைவிடப் பெரியவையாக இருப்பதால் ஒளி நாலாபுறமும் சிதறி, எதிர்க் கம்பத்தை அடைவதற்குள் மங்கிவிடுகிறது. உதகையிலும் கொடைக்கானலிலும் பருவமழைக் காலத்தில் இது அடிக்கடி நேரும். தரமான கற்றை சென்சார்கள், ஒளி திடீரென மறைவதையும் படிப்படியாக மங்குவதையும் பிரித்தறிந்து, மங்கும்போது தனியொரு சமிக்ஞை தரும். அந்த இணைப்பைப் பலர் பயன்படுத்தாமலே விட்டுவிடுகிறார்கள். அதைக் கட்டாயம் கட்டுப்பாட்டுப் பெட்டியுடன் இணையுங்கள்; சென்சாருக்குக் கண் தெரியவில்லை என்பதைக் காவலர் உடனே அறிந்தாக வேண்டும்.

மைக்ரோவேவ் சென்சாரின் நிலை வேறு. 10 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர். அதன் எதிரே பனித்துளி மிகமிகச் சிறியது என்பதால் அலை தடையின்றிக் கடந்துவிடும். அதனால் மலைக்கு நான் முதலில் பரிந்துரைப்பது, ஒரு முனையில் அனுப்பியும் மறுமுனையில் ஏற்பியும் உள்ள மைக்ரோவேவ் தடுப்பையே. ஆயினும் அதற்குச் சமதளம் வேண்டும். நடுவே நிலம் குழிந்திருந்தால் தவழ்ந்து வருபவர் கற்றைக்கு அடியில் கடந்துவிடுவார். கம்பங்களை ஒட்டிய பகுதியிலும் அது தவழ்பவரைக் காணாது. ஆகவே ஒரு பகுதியின் முனையும் அடுத்த பகுதியின் தொடக்கமும் சில மீட்டர் தூரமாவது ஒன்றன்மேல் ஒன்று படியும்படி அமைக்க வேண்டும். கற்றையின் பாதையில் புல் வளரக் கூடாது. மழைநீர் ஓடும் வாய்க்காலும் இருக்கக் கூடாது, ஏனெனில் ஓடும் நீரையும் அது நகரும் பொருளாகவே எடுத்துக்கொள்ளும். மழைக்குப் பின் புல் வளரும் வேகத்தை இங்குள்ளவர்கள் அறிவார்கள். புல் வெட்டுவதையும் பாதுகாப்புப் பணிகளில் ஒன்றாகப் பதிவேட்டில் எழுதுங்கள்.

சரிவான இடத்துக்கு நிலத்தடி கேபிள் சென்சார் பொருத்தமானது. இரண்டு கேபிள்களைப் புதைத்து, அவற்றுக்கிடையே மின்காந்தப் புலத்தை உண்டாக்கி, அதைக் கடக்கும் உடலால் ஏற்படும் மாற்றத்தை அது அளக்கிறது. நிலத்தின் ஏற்ற இறக்கத்தோடு அதுவும் ஏறி இறங்கும்; வெளியே தெரியாது; பனிமூட்டம் அதைப் பாதிக்காது. ஆனால் மண்ணின் ஈரம் மாறும்போது அதன் உணர்திறனும் மாறும். மார்ச் மாத வறட்சியில் சரிசெய்த அளவை ஜூலை மழையிலும் அப்படியே வைத்திருந்தால் தவறான அலாரங்கள் வரலாம்; அல்லது வர வேண்டியது வராமல் போகலாம். பருவம் மாறும்போதெல்லாம் மீண்டும் நடந்து பார்த்து அளவைத் திருத்த வேண்டும்.

உடல் வெப்பத்தை உணரும் பி.ஐ.ஆர். சென்சாரைப் பொறுத்தவரை மலைக்கு ஒரு சாதகம் உண்டு. கோடையில் சமவெளித் தரையும் மனித உடலும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் இருப்பதால் அது தடுமாறும்; குளிர்ந்த உதகை இரவில் மனித உடல் தெளிவாகத் தனித்துத் தெரியும். குறுக்கே நடப்பவரை அது எளிதில் கண்டுகொள்ளும்; நேராகத் தன்னை நோக்கி வருபவரைத் தாமதமாகவே உணரும். ஆகவே, எந்த வழியாக ஒருவர் வரக்கூடும் என்று எண்ணுகிறீர்களோ அந்த வழிக்குக் குறுக்காக அது பார்க்கும்படி பொருத்துங்கள்.

இனி, மலையில் இரவில் நடமாடும் விலங்குகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். குன்னூரிலும் கோத்தகிரியிலும் கொடைக்கானலிலும் காட்டெருமை தெருவிலேயே நடக்கிறது. தேயிலைத் தோட்டங்களில் கரடி வருகிறது. காட்டுப்பன்றிக்கு எந்த வேலியும் ஒரு பொருட்டில்லை. வேலிக் கம்பத்தில் காட்டெருமை உடலைத் தேய்த்தால், வேலியில் கட்டிய அதிர்வு சென்சாருக்கு அது மனிதன் ஏறுவதைப் போலவே தோன்றும். இதற்காக உணர்திறனைக் குறைத்துவிடுவது எளிய வழியாகத் தோன்றலாம். ஆனால் அப்படிக் குறைத்தால் மெதுவாக ஏறும் மனிதனையும் கண்டறிய முடியாமல் போகும். கண்டறிதலை இரண்டு வளையங்களாகப் பிரிப்பதே சரியான வழி. வெளி வளையத்தில் மட்டும் அலாரம் வந்தால் காவலர் கேமராவில் பார்த்து முடிவு செய்யலாம். உள் வளையத்திலும் வந்துவிட்டால் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே செல்ல வேண்டும். காட்டெருமை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. அதற்குத் தீங்கு விளைவிக்கும் மின்வேலியை ஒருபோதும் போடாதீர்கள். அது உள்ளே வந்துவிட்டால் விரட்ட முயலாமல் வனத்துறையை அழையுங்கள். மிரண்டு ஓடும் ஒரு காட்டெருமை ஹெலிகாப்டருக்கும் காவலருக்கும் எந்தத் திருடனைவிடவும் பெரிய ஆபத்து.

கேமராவை உறுதிப்படுத்தும் கருவியாக மட்டும் கொள்ளுங்கள். அடர்ந்த மூட்டத்தில் சாதாரணக் கேமரா வெள்ளைத் திரையைத்தான் காட்டும். அதிலேயே பதிந்த அகச்சிவப்பு விளக்கை எரித்தால் ஒளி துளிகளில் பட்டுத் திரும்பி இன்னும் மோசமாக்கும். விளக்கைக் கேமராவிலிருந்து சில மீட்டர் தள்ளித் தனிக் கம்பத்தில் வைத்தால் படம் ஓரளவு தெளியும். விளக்கைத் தேடி வரும் பூச்சிகளும், அவற்றைத் தேடிச் சிலந்தி கட்டும் வலையும் லென்ஸின் முன்னால் சேராது. வெப்பக் கேமரா மெல்லிய மூட்டத்தில் நன்றாக உதவும். அடர் மூட்டத்தில் அதன் பார்வைத் தொலைவும் குறைந்துவிடும். பார்வை 50 மீட்டருக்கும் கீழே சென்றுவிட்டால், காவலர் அறையை விட்டு வெளியே வந்து ஹெலிகாப்டரின் அருகிலேயே இருவராக நிற்பது என்ற விதியை முன்பே எழுதி வைத்திருங்கள்.

ஹெலிகாப்டரே தவறான அலாரத்துக்குக் காரணமாகக்கூடும் என்பதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. சுழலி இறக்கைகள் நீளமானவை, வளைந்து தொங்குபவை. காற்றில் அவை மெல்ல ஆடும்போது கேமரா மென்பொருளும் ராடாரும் அதை நடமாட்டமாகக் கொள்ளும். இறக்கைகளை முறைப்படி இழுத்துக் கட்டச் சொல்லிப் பொறியாளரிடம் கேளுங்கள். அது இறக்கைக்கும் நல்லது. எஞ்சின் வாய்க்கும், பறக்கும் வேகத்தை அளக்க உதவும் பிட்டோட் குழாய்க்கும் போடும் உறைகளில் சிவப்பு நாடாக்கள் தொங்கும். காற்றில் அவை படபடப்பதும் அலாரம் எழுப்பும். அதற்காக உறைகளைக் கழற்றிவிடக் கூடாது. 1996-இல் டொமினிக்கன் குடியரசின் கடற்கரைக்கு அப்பால் விழுந்து 189 பேரைப் பலிகொண்ட பிர்கனேர் விமானத்தின் விபத்தில், உறையின்றி விடப்பட்ட பிட்டோட் குழாயில் குளவிக் கூடு அடைத்திருக்கலாம் என்பதே விசாரணையின் கருத்து. நாடா படபடக்கும் பகுதியை மட்டும் கேமராவின் கண்காணிப்பு வரம்பிலிருந்து நீக்கிவிட்டு, அந்தப் பக்கத்தை வேறு சென்சாரால் மூடுங்கள்.

ஹெலிகாப்டரின் உள்ளே எந்தச் சென்சாரையும் நீங்களாகப் பொருத்தாதீர்கள். விமானத்தில் செய்யும் எந்த மாற்றத்துக்கும் உரிய தகுதிச் சான்று வேண்டும். தரையில் நிற்கும் கையடக்கக் கம்பியில்லா சென்சார்களைச் சுற்றிலும் வைப்பதும், கதவுகளிலும் எரிபொருள் மூடியிலும் எண்ணிட்ட முத்திரை ஒட்டுவதும் போதும். முத்திரை எண்களை விமானியின் முன்னிலையில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். 2018 ஆகஸ்டில் சியாட்டில் விமான நிலையத்திலிருந்து ஒரு பயணிகள் விமானத்தை ஓட்டிச் சென்றவர் அங்கேயே வேலை செய்த தரைப் பணியாளர். அனுமதி பெற்று உள்ளே வருபவரை வேலியில் உள்ள சென்சார் கேள்வி கேட்காது. ஹெலிகாப்டரை யாரும் தனியாக நெருங்கக் கூடாது என்ற விதியும் முத்திரையும் வருகைப் பதிவேடும்தான் கேட்கும்.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். இடி மின்னல் மிகுந்த மலையில் நீளமான செப்புக் கம்பிகள் ஆபத்தானவை. சென்சார்களுக்கு ஒளியிழைக் கேபிளைப் பயன்படுத்துங்கள், மின் இணைப்பின் இரு முனைகளிலும் மின்னெழுச்சித் தடுப்பான் வையுங்கள். பாறை நிலத்தில் எர்த் எளிதில் கிடைக்காது. அளந்து பார்த்த பிறகே நம்புங்கள். ஈய அமில பேட்டரியின் திறன் உறைபனி இரவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்பதால் அதற்கேற்பப் பெரியதாக வாங்குங்கள்.

அமைத்து முடித்ததும் சோதிக்க வேண்டும். நடந்து, ஓடி, தவழ்ந்து, கம்பளி போர்த்தி என எல்லா வகையிலும் ஒருவரை உள்ளே வரச் சொல்லுங்கள். வெயில் நாளில் செய்த சோதனையை மட்டும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். மூட்டம் இறங்கிய இரவில் மீண்டும் செய்யுங்கள். ஒவ்வொரு அலாரத்தின் காரணத்தையும் காவலரே எழுத ஒரு பதிவேடு வையுங்கள். ஓர் இரவில் ஒன்றிரண்டுக்கு மேல் காரணமற்ற அலாரங்கள் வருமானால், எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்பதை அந்தப் பதிவேடே காட்டிக்கொடுத்துவிடும். பழுதை அங்கிருந்து தேடத் தொடங்கலாம்.

காலையில் மூட்டம் விலகியதும் அவசரம் தொற்றிக்கொள்ளும். அப்போதும் வரிசை மாறக் கூடாது. முதலில் முத்திரை எண்களை விமானியுடன் சேர்ந்து சரிபாருங்கள். கிழிந்த முத்திரை ஒன்று இருந்தாலும், இரவில் விளக்கம் கிடைக்காத அலாரம் ஒன்று இருந்தாலும், அதை மறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள். முழுச் சோதனை முடியும் வரை புறப்படுவதில்லை என்ற முடிவை அவர் எடுக்க அந்தச் செய்தி தேவை. பிறகு கையடக்க சென்சார்களையும் முக்காலிகளையும் கேபிள்களையும் எண்ணி எடுத்து வெளியே கொண்டு செல்லுங்கள். சுழலியின் காற்று வேகத்தில் ஒரு சிறு முக்காலியும் பறந்து எஞ்சினையோ ஆளையோ தாக்கும். எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்று காவலர் கையெழுத்திட்ட பிறகே எஞ்சினை இயக்க அனுமதி கொடுங்கள்.