தரவுத்தள நிரலகத்தில் பாதுகாப்பு ஓட்டையை அடைப்பது எப்படி?

பிற நிரல்கள் அழைத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பான நிரலகத்தில் பாதுகாப்பு ஓட்டை இருப்பதாகத் தகவல் வந்ததும் நிரலைத் திறந்து திருத்தத்தான் கை பரபரக்கும். அதற்கு முன், அந்த ஓட்டையை நம் கணினியிலேயே நிகழ்த்திக் காட்டும் சோதனை ஒன்றை எழுதிவிடுங்கள். திருத்தத்துக்கு முன் தோற்று, திருத்திய பின் தேறுகிற சோதனை கையில் இல்லாதவரை, எதை அடைத்தோம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. புதிய பதிப்பு வெளியாகும்வரை இந்த வேலை பராமரிப்பாளர்கள் மட்டுமே காணும் தனிக் கிளையில் (நிரலின் தனியாக வளரும் நகலில்) நடக்கட்டும்.

அடுத்து, தரவு எந்த இடத்தில் கட்டளையாக மாறுகிறது என்று தேட வேண்டும். ஜாவா நிரல்களைப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தோடு இணைக்கும் ஜாவா இயக்கியில் 2024இல் அறிவிக்கப்பட்ட சிவிஇ-2024-1597 இதற்கு நல்ல பாடம் (சிவிஇ என்பது பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரப்படும் பொது அடையாள எண்). வினவல்களை, அதாவது தரவுத்தளத்துக்கான கட்டளைகளை, அனுப்பும் முறையை ‘சிம்பிள்’ என மாற்றி வைத்தவர்களை மட்டுமே அது பாதித்தது. அந்த முறையில் இயக்கியே மதிப்புகளை வினவலின் உரைக்குள் பொருத்திவிடும். வினவலில் மதிப்பு வர வேண்டிய இடத்தைக் காட்டுவது ‘?’ குறி. வினவலில் ‘-?’ என்று இருந்து, மதிப்பாக -1 வந்தால், விளைவது ‘--1’. வினவல்களை எழுதும் மொழியான எஸ்கியூஎல்லில் இரண்டு கழித்தல் குறிகள் சேர்ந்தால் அது குறிப்புரையின் தொடக்கம் என்பதால், அந்த வரியின் மிச்சம் முழுவதும், அதே வரியில் அடுத்து வரும் சரத்தின் தொடக்க மேற்கோள்குறி உட்பட, மறைந்துவிடும். அந்தச் சரத்துக்குள் ஒரு வரிமுறிவை வைத்தவர், அதன் பின் எழுதியதைக் கட்டளையாகவே ஓடச் செய்யலாம்.

எதிர்ம எண்களை மறுப்பது இதற்குத் தீர்வல்ல, அவை முறையான தரவுதான். உள்ளே பொருத்தும் ஒவ்வொரு மதிப்பையும் அடைப்புக்குறிக்குள் இடுவதே சரியான திருத்தம். அப்போது இரண்டு குறிகளும் ஒட்டவே மாட்டா. இப்படி, வந்த ஒரு உள்ளீட்டை மட்டும் தடுக்காமல், அந்த வகைப் பிழை முழுவதற்கும் இடமில்லாமல் செய்யுங்கள். பிறகு வெற்றுச் சரம், வரிமுறிவு, மேற்கோள்குறி, பின்சாய்வு, மிகச் சிறிய முழு எண், யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சிதைந்த பைட்டுகள் ஆகியவற்றையும் சோதனையில் சேர்த்துவிடுங்கள்.

திருத்தமே புதுப் பிழையாகிவிடுவதும் உண்டு. சி மொழி நிரல்கள் போஸ்ட்கிரெஸோடு பேச உதவும் லிப்பிகியூ நிரலகத்தில் சிதைந்த எழுத்துகளால் எழுந்த சிவிஇ-2025-1094க்கு 2025 பிப்ரவரி 13 அன்று திருத்தம் வந்தது. ஆனால் மேற்கோளிடும் செயற்கூறுகள் தமக்குத் தரப்பட்ட சர நீளத்தை மதிக்காமல் போனதால், ஒரே வாரத்தில், பிப்ரவரி 20 அன்று, மறுபடி பதிப்புகளை வெளியிட வேண்டியதாயிற்று. தேர்ந்த குழுவுக்கே இந்த நிலை என்பதால், பழைய சோதனைகளோடு நின்றுவிடாமல், நிரலகத்தை அழைக்கும் பிற மொழி இயக்கிகளையும் புதிய நிரலோடு இணைத்து ஓட்டிப் பாருங்கள்.

ஆதரவில் உள்ள பழைய பதிப்புகளுக்கும் திருத்தத்தைக் கொண்டுசென்று, எல்லாவற்றையும் ஒரே நாளில் வெளியிடுவதே முறை. ஒரு கிளை பிந்தினாலும், வெளியான திருத்தத்தைப் படித்தே அந்தப் பதிப்பைத் தாக்க முடியும். அறிவிப்பில் பாதிக்கப்பட்ட பதிப்பு எண்கள், ஓட்டை திறக்கும் நிபந்தனை, உடனே மேம்படுத்த இயலாதவர்களுக்கான தற்காலிக வழி ஆகிய மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும். மேற்கண்ட ஜாவா இயக்கியைப் பொறுத்தவரை, ‘சிம்பிள்’ முறையை நீக்கிவிடுவதே அந்தத் தற்காலிக வழி.